கூடிய எலும்பு

அறுவை சிகிச்சை முடிந்த நான்காம் நாள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியைகளின் வாட்ஸப் குழுவிலிருந்து ஒரு செய்தி வந்தது. மானுடவியல் அறிஞர் மார்கரெட் மீடிடம் ஒரு மாணவர், நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று கேட்டாராம். மண்பானை, தூண்டில் முள், அரைக்கும் கல் என்று எதையாவது சொல்வார் என எதிர்பார்த்தாராம். மீடோ, முறிந்து கூடிய ஒரு தொடை எலும்பு என்றாராம். காட்டில் கால் ஒடிந்த விலங்கு தண்ணீருக்குப் போக முடியாது, இரை தேட முடியாது, தப்பி ஓட முடியாது. எலும்பு கூடுவதற்குள் செத்துப்போகும். ஒரு மனிதரின் தொடை எலும்பு கூடியிருக்கிறது என்றால், யாரோ ஒருவர் அவரை விட்டுப் போகாமல், காயத்தைக் கட்டி, உணவு கொடுத்து, உடனிருந்திருக்கிறார். நாகரிகம் அங்கேதான் தொடங்குகிறது. கடைசியில் இரண்டு பூங்கொத்துப் படங்கள். 'சீக்கிரம் குணமாகி வாங்க டீச்சர்.'

படித்ததும் கண் கலங்கியது. மறுநாள் என் தங்கை அதையே அனுப்பினாள். அதற்கடுத்த நாள் என் கணவரின் அலுவலக நண்பர். மூன்றாவது முறை படிக்கும்போது கண்ணீர் வரவில்லை. 'யாரோ ஒருவர்' என்ற இரண்டு சொற்களில் மனம் நின்றுவிட்டது. யார் அந்த ஒருவர்? கால் ஒடிந்தவரைப் பற்றி அவ்வளவு சொல்கிற கதை, உடனிருந்தவரைப் பற்றி ஏன் எதுவுமே சொல்லவில்லை? அவருக்கு வேறு வேலை இல்லையா? அவர் போக நினைத்திருந்தால் போயிருக்க முடியுமா?

அடுத்த ஐந்து மாதங்களும் இந்தக் கேள்வியோடுதான் கிடந்தேன், எழுந்தேன், நடந்தேன்.

எனக்கு ஒடிந்தது தொடை எலும்பு அல்ல. முழங்காலுக்குக் கீழே உள்ள இரண்டு எலும்புகளும். பள்ளியிலிருந்து திரும்பும் வழியில், ஒரு திருப்பத்தில் சிதறிக் கிடந்த ஜல்லியில் ஸ்கூட்டர் சறுக்கி, வண்டி முழுவதும் வலது காலின்மேல் விழுந்தது. பெரிய எலும்பு மூன்று துண்டாகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே திறந்து, எலும்பின் நடுவிலுள்ள மஜ்ஜைக் குழாய் வழியாக ஒரு நீண்ட உலோகக் கம்பியைச் செலுத்தி, மேலும் கீழும் ஸ்க்ரூ போட்டுப் பூட்டினார்கள். கணைக்கால் எலும்புக்கு முன்புறம் சதை கிடையாது, தோலுக்கு அடியிலேயே எலும்புதான். கணுக்காலை நெருங்க நெருங்க ரத்த ஓட்டமும் குறைவு. அதனால் கூடுவதற்கு நாளாகும் என்று மருத்துவர் விளக்கினார். "ஆறு வாரம் கால் ஊனவே கூடாதும்மா. முழுசா நடக்க நாலஞ்சு மாசம் ஆகும்."

ஆறு வாரம் என்பதைக் கேட்டதும் நான் முதலில் கேட்ட கேள்வி, 'வலி எப்போது குறையும்' என்பது அல்ல. "வீட்ல யார் பாத்துக்குவா?" என்றேன். மருத்துவர் என் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டு, "உங்களைப் பாத்துக்க ஒரு ஆள் போட்டுக்கங்க" என்றார். நான் கேட்டது என்னைப் பற்றி அல்ல. வீட்டை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் காலையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். கூடத்தில் கட்டில் போட்டுப் படுத்திருந்தேன். எனக்கு இருபது வயதில் ஒரு மகன், பதினாறு வயதில் ஒரு மகள். மகன் வாசற்படியில் நின்று, "அம்மா, என்ன வேணும்?" என்று கேட்டான். உண்மையான அக்கறையோடுதான் கேட்டான். மகள் எதுவும் கேட்கவில்லை. அடுக்களைக்குள் போய்ப் பால் காய்ச்சினாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஆனால் தலையணையைச் சரி செய்ய வேண்டியிருந்தபோது, வாசற்படியில் நின்றவனைத் தாண்டி, உள்ளே வேலையாய் இருந்தவளைத்தான் நான் பெயர் சொல்லி அழைத்தேன். ஆண், பெண் சமம் என்று இருபது வருடமாக வகுப்பில் பாடம் எடுத்தவள் நான். வலியில் என் வாயிலிருந்து வந்தது அவள் பெயர்தான். 'யாரோ ஒருவர்' என்பவரை நியமிப்பதில் எனக்கும் பங்கு உண்டு என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது.

பார்க்க வந்தவர்கள் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார்கள், பிரண்டைத் துவையல் கொண்டுவந்தார்கள், புத்தூர் கட்டுக்குப் போயிருக்கலாம் என்று அறிவுரையும் கொண்டுவந்தார்கள். எல்லோரும் தவறாமல் சொன்ன ஒன்று உண்டு. "பாவம், அவர்தான் ரொம்ப இளைச்சுப்போயிட்டார்." என் கணவர் நான்கு நாள் விடுப்பு எடுத்தார். மருத்துவமனையில் ஒரு இரவு, செவிலியர் வரத் தாமதமானபோது, எனக்குப் பெட்பேன் வைத்து எடுத்தார். அந்த ஒரு இரவு எங்கள் சொந்தபந்தங்களில் ஒரு கதையாகவே உலவுகிறது. "எந்த ஆம்பளை செய்வான்?" என்கிறார்கள். அவர் நல்லவர், முகம் சுளிக்காமல்தான் செய்தார். ஆனால் அவர் கையிலிருந்து பெட்பேனை வாங்கிக்கொள்ள முடியாதா என்று நான் அன்றிரவு அழுதேன். அவருடைய அப்பா பக்கவாதத்தில் நான்கு வருடம் படுத்திருந்தபோது, என் மாமியார் அதையே ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்தார் என்று யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணியதில்லை.

அந்த அழுகையைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்தேன். ஏன் அவ்வளவு கூசியது? எங்கள் வீட்டுப் பெண்கள் சாமி கும்பிடும்போது கேட்கிற வரம் ஒன்றுதான்: 'யாருக்கும் பாரமா இல்லாம போய்ச் சேரணும்.' என் அம்மா கேட்டாள், பாட்டி கேட்டாள். அம்மா அப்படியே போய்ச் சேர்ந்ததை இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். ஆண்கள் இப்படி வேண்டிக்கொண்டு நான் அதிகம் கேட்டதில்லை. அவர்களுக்குச் சாவைப் பற்றி வேறு பயங்கள் இருக்கலாம். பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. காலமெல்லாம் மற்றவர்களின் பாரத்தைச் சுமந்தவளுக்குத்தான், தன் பாரத்தை இன்னொருவர்மேல் வைப்பது குற்றமாகத் தெரிகிறது. கொடுப்பது மட்டுமே தன் தகுதி என்று பழகியவள், வாங்க நேரும்போது தான் யார் என்றே தெரியாமல் தடுமாறுகிறாள்.

ஆனால் இந்தக் கூச்சத்தில் இன்னொன்றும் ஒளிந்திருந்தது. அது தெரிய இரண்டு வாரம் ஆனது.

மகளுக்குத் தேர்வு நெருங்கியது. மாமியாருக்கு எழுபத்திரண்டு வயது. ஒரு ஏஜென்சி மூலம் பகல் டியூட்டிக்கு ஓர் அக்கா வந்தார். காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணிவரை. ஏஜென்சிக்கு நாங்கள் நாளொன்றுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கொடுத்தோம். அவர் கைக்குப் போனது அறுநூறு. என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகு துடைத்தார். தையலில் நீர் படாமல் காலில் பாலித்தீன் உறை கட்டிக் குளிக்க வைத்தார். கட்டிலிலிருந்து கமோடு நாற்காலிக்கு மாறும்போது, ஒடிந்த காலை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி, என் அசைவுக்கு ஏற்பத் தானும் நகர்ந்து வருவார். அப்படிப் பிடிக்க யாருக்கும் தெரியவில்லை. கணவர் பிடித்தால் வலித்தது, மகள் பிடித்தால் அவள் பயம் எனக்குத் தொற்றியது.

அவர் முன்னால் எனக்குக் கூச்சமே இல்லை. முதல் நாளிலிருந்தே இல்லை. கணவர் ஒரே ஒரு முறை எடுத்த பெட்பேனுக்காக அழுதவள், இந்த அக்கா நாளெல்லாம் எடுத்ததை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. காசு கொடுக்கிறோம், அதனால் கடன் இல்லை, கடன் இல்லாததால் கூச்சமும் இல்லை என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அறுவை சிகிச்சை செய்த மருத்துவருக்கும் காசு கொடுத்தோம். அவர் முன்னால் நைட்டியை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். கூச்சம் வருவது, நமக்குச் சமமாகவோ மேலாகவோ நினைக்கிறவர்கள் பார்க்கும்போதுதான். அந்த அக்கா முன்னால் எனக்குக் கூச்சம் வராததன் பொருள், அவருடைய பார்வையை நான் ஒரு பார்வையாகவே எண்ணவில்லை என்பது. இதை எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை.

அமெரிக்க அரசியல் சிந்தனையாளர் ஜோன் ட்ரோன்டோ 1993இல் வெளியான 'மாரல் பவுண்டரீஸ்' என்ற நூலில், பராமரிப்பை நான்கு கட்டங்களாகப் பிரிக்கிறார்: ஒரு தேவையைக் கவனிப்பது, அதற்குப் பொறுப்பு ஏற்பது, கையால் செய்வது, செய்ததைப் பெற்றுக்கொள்வது. வசதியும் அதிகாரமும் உள்ளவர்கள் முதல் இரண்டோடு நின்றுகொள்கிறார்கள். கையால் செய்கிற வேலை மற்றவர்களிடம் போய்விடுகிறது என்கிறார். அப்படித் தள்ளிவிட்டு, தள்ளிவிட்டோம் என்பதைக்கூட அறியாமல் இருக்க முடிவதை, சலுகை பெற்றவர்களின் பொறுப்பின்மை என்கிறார். நான் அதை ஆண்களைப் பற்றிய வரியாகத்தான் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். கட்டிலில் கிடந்தபோது அது என்னைப் பற்றியும்தான் என்று புரிந்தது.

ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் இருந்தது.

அக்கா வந்த முதல் நாளே மாமியார் அவருடைய ஊரைக் கேட்டார், தெருவைக் கேட்டார். சாதியை யாரும் நேரடியாகக் கேட்பதில்லை. தெருவைக் கேட்டால் போதும். மதியம் அவருக்குச் சாப்பாடு கொல்லைப்புறத் திண்ணைக்குப் போனது. காபி ஒரு பழைய எவர்சில்வர் டம்ளரில் வந்தது. குடித்து முடித்ததும் அவரே அதைக் கழுவி ஜன்னல் விளிம்பில் கவிழ்த்து வைப்பார். மறுநாளும் அதே டம்ளர், அதே ஜன்னல். என் கட்டிலிலிருந்து அந்த ஜன்னல் நேராகத் தெரியும். என் உடம்பின் எல்லா இடத்தையும் கழுவித் துடைக்கிற கை அந்த வீட்டின் டம்ளர்களைத் தொடக் கூடாது என்பதை நான் மூன்று வாரம் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

ஏன் பேசவில்லை? நானே ஒருவரை அண்டிக் கிடக்கிறேன், எனக்குக் கஞ்சி வைத்துத் தருகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று சொல்லிக்கொண்டேன். மாமியார் காலையில் ஐந்து மணிக்கு எழுந்து எனக்காக ராகிக் கூழ் கிண்டினார். கொதிக்கக் கொதிக்கத் தந்தால் வாய் சுடும் என்று விசிறி ஆற்றித் தந்தார். அந்தக் கையும் டம்ளரைத் தனியே வைத்த கையும் ஒன்றுதான். பராமரிப்பு என்பது அன்பு, அன்பு என்பது நீதிக்கும் மேலானது என்று நாம் பேசுவதில் உள்ள ஆபத்து இதுதான். ஒருத்தியிடம் மிகுந்த அன்பாக இருந்துகொண்டே, அதே அறையில் இன்னொருத்தியை அவமதிக்க முடியும். அவமதிப்பைப் பார்த்துக்கொண்டே, நன்றி உணர்வின் பெயரால் வாயை மூடிக்கொண்டு கிடக்கவும் முடியும்.

ஐந்தாவது வாரம் பேசினேன். பெரிய வாக்குவாதம் எதுவும் இல்லை. "அத்தே, அக்காவும் நம்ம டம்ளர்லயே குடிக்கட்டும்" என்றேன். மாமியார் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். மறுநாள் எல்லோருக்கும் ஒரே மாதிரி டம்ளரில் காபி வந்தது. அக்கா தன் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக் காட்டி, "நான் வீட்ல இருந்தே கொண்டாந்துட்டேன் டீச்சர்" என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் என் காலை ஏந்தியபடியே, "விடுங்க, ஆட்டாதீங்க. இப்ப பேசினா கால் வலிக்கும்" என்றார். நான் சரி செய்துவிட்டதாக நினைத்துக்கொள்ள அவர் இடம் கொடுக்கவில்லை. அது சரிதான் என்று இப்போது படுகிறது.

அவருடைய இடது மணிக்கட்டைக் கவனித்ததும் அந்த வாரத்தில்தான். முள்கரண்டி கவிழ்ந்தது போல ஒரு பக்கம் வளைந்திருந்தது. என் காலை ஏந்தும்போது வலது கை அடியிலும் இடது கை மேலாகவும் ஏன் இருக்கும் என்பது அப்போது புரிந்தது. கேட்டேன். ஏழு வருடம் முன்னால் வேலை செய்த வீட்டில், மெழுகிய தரையில் வழுக்கிக் கையை ஊன்றி விழுந்திருக்கிறார். அந்த வீட்டில் ஐந்நூறு ரூபாய் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். புத்தூர் கட்டுப் போட்டவர், ஆறு வாரம் கையை அசைக்காதே என்றிருக்கிறார். பன்னிரண்டாம் நாள் இவரே கட்டைப் பிரித்துவிட்டார். "வீட்ல ரெண்டு பிள்ளைங்க. வேலைக்குப் போகலன்னா சோறு எங்கிருந்து வரும்? போறதுன்னா பாத்திரம் தேய்க்கணும். கட்டோட எப்படித் தேய்க்கிறது?" எலும்பு கூடிவிட்டது. கோணலாகக் கூடிவிட்டது.

என்னை மருத்துவ விடுப்பில் படுக்க வைத்துச் சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு அனுப்பியது அரசு விதி. இஎஸ்ஐ உள்ள தொழிலாளியாக இருந்தால் நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டும் இல்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அறுவை சிகிச்சைச் செலவைச் சமாளிக்கலாம். அதற்குப் பிறகு படுத்துக் கிடக்கிற ஆறு வாரத்துக்கு எந்த அட்டையும் கிடையாது. கம்பியும் ஸ்க்ரூவும் எலும்பைச் சேர்த்துப் பிடிக்கத்தான் செய்யும். கூட்டுவது உடம்பு. முறிந்த இடத்தில் ரத்தம் கட்டி, அது குருத்தெலும்பாகி, பிறகு இறுகி எலும்பாகிறது. அதற்கு வாரங்கள் வேண்டும். அந்த வாரங்கள் யாருக்குக் கிடைக்கின்றன என்பது மருத்துவக் கேள்வி அல்ல.

இப்போது அந்த வாட்ஸப் கதைக்குத் திரும்புகிறேன். படுத்திருந்த நாட்களில் அதன் மூலத்தைத் தேடினேன். மீட் எழுதியவற்றில் அதற்கு ஆதாரம் தேடியவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. காட்டில் வாழும் குரங்கினங்களின் எலும்புக்கூடுகளிலும் கூடிய முறிவுகள் உண்டு என்பதால், கதையின் அறிவியலும் அவ்வளவு உறுதியானதல்ல. இந்தக் கதை அச்சில் வந்த பழைய இடங்களில் ஒன்று, பால் பிராண்ட் என்ற மருத்துவர் ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதி 1980இல் வந்த நூல். மீட் பேசிய ஒரு கூட்டத்தில் கேட்டதாக அவர் நினைவுகூர்கிறார். இந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பால் பிராண்ட் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் மீண்டும் இயங்க வைத்தவர்.

அவருடைய அம்மா ஈவ்லின் பிராண்ட், கணவர் இறந்த பிறகும் தமிழ்நாட்டு மலைக் கிராமங்களிலேயே வாழ்ந்து 1974இல் இறந்தவர். முதிய வயதில் ஒரு முறை அவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவெல்லாம் தரையில் வலியோடு கிடந்திருக்கிறார். காலையில் ஒரு வேலையாள் வந்துதான் பார்த்திருக்கிறார். நான்கு பேர் அவரைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தி மலையிலிருந்து சமவெளிக்குச் சுமந்து இறங்கியதாக மகன் எழுதியிருக்கிறார். அதன் பிறகும் மூங்கில் கோல்களை ஊன்றிக்கொண்டு அவர் மலையிலேயே இருந்தார். இது அந்த அம்மாவின் மன உறுதிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும் கதை. அவர் மன உறுதி பெரிதுதான். எனக்கோ அந்த நான்கு பேர்தான் மனதில் நின்றார்கள். செங்குத்தான மலைப்பாதையில், உடைந்த எலும்பு அசையாமல் ஒரு கட்டிலைச் சுமப்பது எளிய காரியமல்ல. அவர்களுடைய காலோ கையோ ஒடிந்திருந்தால் யார் சுமந்திருப்பார்கள்?

உடனிருந்தவர் யார் என்ற கேள்விக்கு விடை காண நமக்குத் தொல்லெலும்புகள் தேவையில்லை. இந்திய அரசு 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பே போதும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிறார்கள். ஆண்களில் 26 பேர். செய்கிற பெண்கள் நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செய்கிறார்கள். செய்கிற ஆண்கள் 97 நிமிடம். 2024 கணக்கெடுப்பில் இது 289, 88 என்று இருக்கிறது. ஐந்து ஆண்டில் பெண்களுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது.

2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், டெல்லியில் விபத்தில் இறந்த ஒரு தம்பதியின் வழக்கில் இந்தக் கணக்கை எடுத்துக்காட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அவள் உழைப்புக்கு விலை போடப்பட்டது அவள் இறந்த பிறகு. 2023 செப்டம்பரிலிருந்து தமிழ்நாட்டில் தகுதியுள்ள குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. அந்தத் திட்டத்தின் பெயரில் 'உதவி' இல்லை, 'உரிமை' இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அக்காவுக்கு அந்த ஆயிரம் வருகிறது. "அது வந்தா சிலிண்டருக்கு ஆகும்" என்றார். சிலிண்டருக்கு ஆகும், ஆறு வாரம் படுக்க ஆகாது.

அப்படியானால் பராமரிப்பைப் பெற்றவள் என்ன கடன்பட்டிருக்கிறாள்? அமெரிக்க மெய்யியலாளர் ஈவா ஃபெடர் கிட்டே, கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள மகளை வளர்த்தவர். 1999இல் எழுதிய 'லவ்ஸ் லேபர்' நூலில் அவர் சொல்வது எனக்கு உதவியது. பராமரிக்கப்படுகிறவர் பராமரித்தவருக்குத் திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு இங்கே செல்லாது. பல நேரங்களில் அவரால் திருப்பிச் செய்ய முடியாது. இன்னொருவரைத் தாங்கிக்கொண்டிருப்பவர், அந்த நேரத்தில் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாதவராகிறார். ஆகவே அவரைத் தாங்க வேண்டிய பொறுப்பு மூன்றாவதாக ஒருவருக்கு, அதாவது சமூகத்துக்கு, உண்டு. பிரசவித்த பெண் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அவளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும் என்பதைத்தான் அவர் இதற்கு உதாரணமாகக் காட்டுகிறார். பத்தியச் சோறு ஆக்கிப் போடும் அம்மாக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. ஆனால் அதைப் பிரசவத்தோடும் சொந்தத்தோடும் நிறுத்திவிட்டோம்.

இப்படி யோசித்தால், 'பாரமா இல்லாம போய்ச் சேரணும்' என்ற வேண்டுதலின் தவறும் தெரிகிறது. அது பணிவு போல ஒலிக்கிறது. ஆனால் பாரத்தைப் பகிர வேண்டிய மற்ற எல்லோரையும் அது விடுவித்துவிடுகிறது. நான் வலியைக் கடித்துக்கொண்டு யாரையும் கூப்பிடாமல் கிடந்த இரவுகளில் என் மகன் நிம்மதியாகத் தூங்கினான். என் மகள் தூங்கவில்லை. பிறகு ஒரு இரவு அவனைத்தான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். காலை ஏந்தத் தெரியாமல் ஏந்தினான், வலித்தது. இரண்டாம் நாள் அக்காவிடம் கேட்டுக் கற்றுக்கொண்டான். மூன்றாம் நாள் அவ்வளவாக வலிக்கவில்லை. இது பெரிய புரட்சி அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் காலை ஏந்துவது பிறவியிலேயே வருவதல்ல, கற்றுக்கொண்டால் வருவது என்று அவனுக்கும் தெரிந்தது, அவன் தங்கைக்கும் தெரிந்தது.

ஆறாவது வாரம் எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மெல்லிய பஞ்சு போல ஒரு வெண்மை. "கூட ஆரம்பிச்சிடுச்சு. இனி கொஞ்சம் கொஞ்சமா வெயிட் போடணும். வெயிட்டே போடலன்னா எலும்பு பலமாகாது" என்றார் பிசியோதெரபி கொடுத்த பெண். முதலில் வாக்கர், பிறகு ஒற்றைக் கோல். அதற்குள் அக்காவை ஏஜென்சி வேறொரு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. போகிற அன்று நான் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டார். புடவையை வேண்டாம் என்றுவிட்டார். நான் கடன் தீர்த்துவிட்டதாக எண்ணிக்கொள்ளவில்லை. பள்ளிக்குத் திரும்பிய பிறகு, எங்கள் தெருவில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்களுக்கு நோய்நாள் சம்பளம் தர வேண்டும் என்று வீடு வீடாகப் போய்ப் பேசத் தொடங்கினேன். இதுவரை நான்கு வீடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. மற்றவர்கள், "டீச்சருக்குக் கால் ஒடிஞ்சதிலிருந்து ஏதோ ஆயிடுச்சு" என்கிறார்கள்.

ஐந்தாம் மாத எக்ஸ்ரே என் மேசையில் இருக்கிறது. நேரான எலும்பு, நடுவில் கம்பி, முறிந்த இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. ஆயிரம் ஆண்டு கழித்து யாராவது எங்கள் ஊரைத் தோண்டினால் இந்த எலும்பு கிடைக்கலாம். பார்த்ததும், இங்கே ஒரு நாகரிகம் இருந்தது, யாரோ உடனிருந்து இவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினால், வேறு தெருவில், வேறு சுடுகாட்டில், வளைந்து கூடிய ஒரு மணிக்கட்டும் கிடைக்கும். இரண்டையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்று அவர்களுக்குத் தெரியவரும்.